அவன் சிரிப்பைப் பிடிக்கப் போனேன்

பிரதேச சபைத் தேர்தலில் எங்கள் வட்டாரத்துக்கு நானும் நின்றேன், எனக்கு எதிராக அவனும் நின்றான். பேசாலையில் என்னைக் குறை சொல்ல ஆளில்லை. ஆனால் அவன் தெருவில் வந்தால் வலை தைக்கிறவர்கள்கூட வேலையை விட்டுவிட்டு அவனோடு சேர்ந்து சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு மனிசன் எந்த நேரமும் பல்லைக் காட்டிக்கொண்டு திரிவானா? உள்ளே என்னவோ ஒளித்து வைத்திருக்கிறான் என்று மனைவியிடம் சொன்னேன்.

“உங்களுக்கு ஊரில ஒருத்தரும் சிரிக்கக்கூடாது” என்றாள். இவளும் அந்தப் பக்கம்தானோ என்று எனக்குச் சந்தேகம்.

வாக்களிப்புக்கு முந்திய கிழமை நாலைந்து படகு வைத்துத் தொழில் நடத்திய அயல்வீட்டுச் சம்மாட்டியார் காலமானார். அவருடைய ஒரே மகன் பிரான்சில். அங்கே இன்னும் விசா இல்லை, வந்தால் திரும்பிப் போக முடியாது. இப்போதெல்லாம் செத்தவீட்டைப் போனில் நேரடியாகக் காட்டுவதுதானே வழக்கம், அந்தப் போனை நான் வலியப் போய் வாங்கிக்கொண்டேன். அவன் எப்படியும் வருவான், வந்தால் சிரிப்பான், பதிவு செய்து ஊருக்கே காட்டலாம் என்பது என் கணக்கு.

சவப்பெட்டியடியில் இருந்த சம்மாட்டியாரின் மனைவி மூன்று நாளாக வாய் திறக்கவில்லை. தேத்தண்ணியும் தொடவில்லை.

“அண்ணை, அம்மா ஏதும் கதைச்சவவோ?” என்று மகன் போனுக்குள்ளிருந்து கேட்டபடியே இருந்தான்.

மூன்றாம் நாள் பின்னேரம், நான் காத்திருந்தபடியே அவன் வந்தான். அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தான்.

“அக்கா, மடு மாதா திருவிழாவில ஒருக்கா சம்மாட்டி அண்ணை வேற ஆக்களின்ர கூடாரத்துக்குள்ள போய்ப் படுத்தவரல்லோ! விடிய எழும்பி, எங்கையடி தேத்தண்ணி எண்டு அந்தக் கூடாரத்து மனிசியையெல்லோ ஏசினவர்!”

சொல்லிவிட்டுச் சிரித்தான். அகப்பட்டான்! போனை அவன் முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனேன். பெட்டிக்குப் பக்கத்தில் சிரிக்கிறவனுக்கோ உங்கள் வாக்கு? மனதுக்குள் நோட்டீசே அடித்துவிட்டேன். பக்கத்தில் இன்னொரு சிரிப்பும் கேட்டது. கூட்டிக்கொண்டு வந்த ஆளாக்கும் என்று நான் திரும்பவில்லை.

“அண்ணை, அது அம்மாவோ?” என்றான் போனுக்குள்ளிருந்து மகன்.

சட்டென்று போனைத் திருப்பினேன். அதற்குள் அந்த அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழத் தொடங்கியிருந்தார்.

“அம்மா சிரிச்சவ, என்ன? சத்தம் கேட்டது. நான் முகத்தைக் காணேல்லை, அண்ணை. நீங்கள் அவரையெல்லோ காட்டிக்கொண்டு நிண்டனீங்கள்.”