பால்சோறும் கொடுவாவும்

என் நைனா வெள்ளைக்காரர் பங்களாவில் சமையல்காரர். ராயபுரத்தில் எங்கள் சந்துக்குள் நுழைந்து யாரைக் கேட்டாலும் ‘குசினிக்காரர் வூடு’ என்றுதான் கை காட்டுவார்கள். பெயர்தான் அப்படி. அந்த வீட்டில் அவர் ஒரு நாளும் கரண்டியைத் தொட்டதில்லை. விடிவதற்குள் சைக்கிளை எடுத்துக்கொண்டு துறைமுகத்துப் பக்கம் போய்விடுவார். துரைக்கும் துரைசானிக்கும் மூன்று வேளையும் ஆக்கிப் போட்டுவிட்டுத் திரும்பும்போது அவர் சட்டையில் வெண்ணெய் வாசனை அடிக்கும். அம்மா வைத்த குழம்பில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்வார். சுதந்திரம் வந்து துரைமார்களில் பாதிப் பேர் கப்பலேறிய பிறகும் நைனாவின் துரை மட்டும் போகவில்லை. அதனால் எங்கள் வீட்டு அடுப்பும் அம்மா கையை விட்டுப் போகவில்லை.

பங்களாவில் அவர் ஆக்கியதெல்லாம் எங்களுக்குக் கதையாகத்தான் வந்து சேரும். அதில் அம்மா திரும்பத் திரும்பக் கேட்பது கொடுவா மீன் கதை. எண்ணூர் கழிமுகத்தில் பிடிபடும் கொடுவாவுக்குச் சதை வெள்ளைவெளேரென்று இருக்கும். அதைச் செதில் சுரண்டி, முழுசாகவே உப்பும் மிளகும் வெண்ணெயும் தடவி, வயிற்றுக்குள் எலுமிச்சை வில்லைகளை அடுக்கி, மேலே கமலாப்பழத்தைப் பிழிந்து, இரும்புத் தட்டில் வைத்து அடுப்புக்குள் தள்ளிவிடுவார்களாம். மிளகாயும் இல்லை, புளியும் இல்லை, எண்ணெயில் பொரிப்பதும் இல்லை. அனலிலேயே வெந்துவிடும். அதோடு சேர்த்துத் தின்ன ஒரு சோறு. அரிசியைத் தண்ணீருக்குப் பதில் பாலில் வேகவைத்து, கஞ்சிக்கும் சோற்றுக்கும் நடுவில் குழைந்து வரும்போது பாலேட்டையும் வெண்ணெயையும் போட்டுக் கிளறி இறக்குவது. துரைசானி அதற்குச் சொல்லும் பெயர் எங்கள் வாயில் நுழையாது. நைனா பால்சோறு என்பார்.

மீனையும் பாலையும் சேர்த்துத் தின்றால் உடம்பில் வெள்ளை விழும், வெண்குஷ்டம் வரும் என்பது எங்கள் பக்கத்தில் பேசத் தெரியாத குழந்தைக்கும் தெரியும். மீன் வாங்கிய நாளில் தயிர்ச்சட்டி பரண் மேலே ஏறிவிடும்; நெய், வெண்ணெயை மட்டும் யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. மத்தியானம் மீன் சாப்பிட்டவன் சாயங்காலம் டீ குடிக்கலாமா கூடாதா என்று சந்தில் பஞ்சாயத்தே நடக்கும். அப்படியிருக்க, ஒரே தட்டில் கொடுவாவும் பால்சோறுமா? நைனாவின் தங்கை, எங்கள் அத்தை, பக்கத்து வீட்டிலேயே இருந்தவள். “இப்டித் துன்னு துன்னுதான் அவங்க மொத்தமா வெளுத்துப் பூட்டாங்க” என்பாள். எல்லோரையும் விட அம்மாதான் அதிகம் சிரிப்பாள். சிரித்து முடித்துவிட்டு, ரெண்டையும் ஒரே வாயில் போட்டால் எப்படி இருக்கும் என்று நைனாவைக் கேட்பாள். அவருக்குத் தெரியாது. உப்புப் பார்க்க மீனில் ஒரு துணுக்கு வாயில் போட்டால் வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் அடுத்த வேலை. பால்சோற்றின் ருசியை வேறொரு நாள், மீன் இல்லாத நாளில் பார்த்துவைத்திருந்தார். இத்தனை வருஷம் ஆக்கிப் போட்ட மனுஷர் ரெண்டையும் சேர்த்து ஒரு வாய் தின்றதில்லை என்பது அம்மாவுக்குப் பெரிய குறை.

அம்மாவுக்குத் தொண்டையில் கட்டி வந்த வருஷம் நான் திருவொற்றியூரில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். என் வீட்டுக்காரர் அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். பால்குடி மாறாத என் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு ராயபுரத்துக்கே வந்து உட்கார்ந்துவிட்டேன். அம்மாவுக்குக் குழம்பு இறங்கவில்லை. மிளகாய் பட்டால் தொண்டை தீப்பிடித்ததுபோல் துடிப்பாள். புளி பட்டாலும் அதே கதை. காலமெல்லாம் காரசாரமாகத் தின்றவள் வெறும் கஞ்சித் தண்ணீரில் வந்து நின்றாள். சும்மா சொல்லக்கூடாது, கண்ணாடி பார்ப்பதை மட்டும் அவள் விடவில்லை. மஞ்சள் பூசிக் குளித்த கருத்த முகம் அம்மாவுடையது. அந்த முகத்தின் மேல் அவளுக்கும் பெருமை, நைனாவுக்கும் பெருமை.

ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்தார்கள். பிறகு டாக்டர் எங்களைக் கூப்பிட்டு, வீட்டுக்கு அழைத்துப் போகலாம், இனிமேல் பத்தியம் ஒன்றும் வேண்டாம், வாய்க்கு என்ன கேட்கிறாளோ அதைக் கொடுங்கள் என்றார். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நைனா மட்டும் முகம் மலர்ந்து டாக்டருக்குக் கும்பிடு போட்டார். பத்தியம் வேண்டாம் என்றால் குணமாகிவிட்டது என்றுதானே அர்த்தம் என்று ரிக்‌ஷாவில் வரும் வழியெல்லாம் அவரே பேசிக்கொண்டு வந்தார். அவரை எப்படித் திருத்துவது? அத்தை என்னைப் பார்த்தாள், நான் அத்தையைப் பார்த்தேன்.

என்ன வேண்டும் என்று நைனா கேட்டதற்கு அம்மா யோசிக்கவே இல்லை.

“அந்தத் துரைசானி துன்ற மீனும் பால்சோறும் ஒரு வாட்டி ஆக்கிக் குடுய்யா” என்றாள்.

மறுநாள் பங்களாவுக்குப் போகாமல் நைனா எண்ணூருக்குச் சைக்கிளை மிதித்தார். நெட்டுக்குப்பத்து மீன்காரியிடம் முழங்கை நீளத்துக்கு ஒரு கொடுவா வாங்கி, ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். கமலாப்பழமும் எலுமிச்சையும் வண்ணாரப்பேட்டையிலிருந்து வந்தன. எங்கள் வீட்டில் அப்படிச் சுட அடுப்பு ஏது? தெருமுனை ரொட்டிக்கடை பாயிடம் போய்க் கேட்டார். தன் அடுப்பில் மீன் வாசனை ஏறினால் மறுநாள் ரொட்டியை யார் வாங்குவார்கள் என்று பாய் முதலில் முகத்தைச் சுளித்தார். யாருக்கு என்று தெரிந்ததும், மத்தியான ரொட்டியை எடுத்தபிறகு அனல் தணியும் நேரத்தில் கொண்டுவரச் சொன்னார். நைனா மீனுக்கு வெண்ணெய் தடவியதை அன்றுதான் நான் பார்த்தேன். இருபது விரல் உள்ளவர்போல் அவ்வளவு நறுவிசாகத் தடவினார். இந்தக் கையை இத்தனை வருஷம் எங்களுக்குக் காட்டாமல் வைத்திருந்தாரே என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

நான் பால்காரரிடம் சொல்லிவைத்து, தண்ணீர் கலக்காத பாலாகச் செம்பு நிறைய வாங்கி அடுப்படியில் வைத்தேன். திரும்பி வந்து பார்த்தால் நைனா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். பால் செம்பு மூடியபடியே மூலையில் இருந்தது. தேங்காய் எதற்கு என்று கேட்டேன். அவர் உள்ளே அம்மா படுத்திருந்த பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“ரெண்டையும் சேத்துத் துன்னா வெள்ளை வுழுந்துடும்மா. நாளைக்கு எழுந்து நாலு பேரு நடுவுல நடமாடப் போறவ. மூஞ்சி கெட்டுப் பூட்டா அவ தாங்க மாட்டா.”

எனக்குச் சட்டென்று கோபம் வரும், அது ஊரறிந்த விஷயம். எந்த நாளைக்கு, எந்த நாலு பேர் என்று நாக்கு நுனி வரை வந்தது. அவர் தேங்காயைக் கையால் பிழிந்து, துணியில் வடிகட்டி, சொட்டு வீணாக்காமல் பாத்திரத்தில் விட்டுக்கொண்டிருந்தார். கண்ணில் அவ்வளவு நம்பிக்கை. பல்லைக் கடித்துக்கொண்டு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

ரொட்டிக்கடையிலிருந்து தட்டு வந்தபோது சந்து முழுக்க எலுமிச்சையும் வெண்ணெயும் மணத்தது. அம்மாவைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்தோம். நைனா முள்ளில்லாமல் மீனைப் பிரித்து, பங்களாவில் வைப்பதுபோல் ஒரு பக்கம் மீனும் ஒரு பக்கம் சோறுமாக வைத்து நீட்டினார். அம்மா மீனை ஒரு வாய் போட்டாள். நல்லா கீது என்று தலையை ஆட்டினாள். அப்புறம் சோற்றை எடுத்து வாயில் வைத்து, விழுங்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

“இது தேங்காப்பாலு” என்றாள்.

நைனா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். கையில் ஒன்றும் இல்லை.

“ஒடம்பு தேறட்டும்மே. தேறினதும் மெய்யாலுமே மாட்டுப்பால்ல ஆக்கித் தரேன்.”

அம்மா அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று அந்தப் பார்வையில்தான் எனக்குப் புரிந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நைனாவின் கண் திறந்திருக்கும், கேட்டதும் கிடைத்திருக்கும். அவள் சொல்லவில்லை. “செரி, தேறட்டும்” என்றாள். தட்டில் இருந்த மீனை மட்டும் மெதுவாகத் தின்று முடித்தாள். சோற்றை என் பக்கம் நகர்த்திவிட்டாள்.

அந்த வாரம் முடிவதற்குள் அம்மா போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நான் நைனாவோடு பேசவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள், தாயைப் பறிகொடுத்த பெண் வாயடைத்துப் போய்விட்டாள் என்று நினைத்தார்கள். உண்மையில் எனக்குள் கோபம் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு செம்புப் பால். உயிர் போகிறவள் வாய்விட்டுக் கேட்டது அவ்வளவுதான். யார் யாரோ கடல் தாண்டி வந்தவர்களுக்கு வருஷக்கணக்கில் ஊற்றிக் கிளறிய கை, கட்டினவளுக்கு ஒரு நாள் ஊற்றவில்லை. கேட்டே தீர வேண்டும், காரியம் முடிந்து நான் திருவொற்றியூர் கிளம்புவதற்கு முன் அவர் முகத்துக்கு நேராகக் கேட்டுவிட வேண்டும் என்று வைத்திருந்தேன். அவரோ சுவரில் அம்மா சாய்ந்திருந்த இடத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

காரியத்துக்கு முந்தின நாள் படையல். செத்தவருக்கு என்னென்ன பிடிக்குமோ அதையெல்லாம் ஆக்கி இலையில் வைத்து, கற்பூரம் காட்டி, எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவது எங்கள் வழக்கம். போனவர் வந்து தின்றுவிட்டுப் போவார். பிறகு கதவைத் திறந்து, அந்த இலையிலிருந்தே வீட்டார் ஆளுக்கொரு வாய் எடுத்துத் தின்ன வேண்டும். அத்தையும் நானும் சுறாப்புட்டு, வடை, கருவாட்டுக் குழம்பு என்று ஆக்கிக்கொண்டிருந்தோம். காலையிலேயே காணாமல்போன நைனா, ஈரச்சாக்கில் சுற்றிய கொடுவாவோடு வந்து நின்றார். ரொட்டிக்கடை பாய் இந்தத் தடவை எதுவும் கேட்கவில்லையாம். தானே தட்டை வாங்கி உள்ளே தள்ளினாராம். நைனா பாலை அடுப்பில் ஏற்றினார். மாட்டுப்பால். பக்கத்தைவிட்டு நகராமல் கிளறி, பாலேடு போட்டு இறக்கினார்.

படையல் இலையில் மீனையும் பாலையும் ஒன்றாக வைக்கலாமா, நாளைக்கு நல்லது கெட்டது நடக்கிற வீடு இல்லையா என்று அத்தை தடுத்தாள்.

“செத்துப் பூட்டவளுக்கு இனிமே இன்னா வரப்போவுது?” என்றார் நைனா.

அத்தை தள்ளி நின்றுகொண்டாள். நடு இலையில் கொடுவாவையும் பால்சோற்றையும் அவரே வைத்தார். வெளியே வந்து கதவைச் சாத்தினோம். நைனா கதவைப் பார்த்தபடி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். விருந்து மேஜைக்குப் பரிமாறிவிட்டு, உள்ளே இருப்பவர்களுக்குப் பிடித்ததோ இல்லையோ என்று அவர் பங்களாவில் இப்படித்தான் நிற்பாராக இருக்கும்.

கதவைத் திறந்தபிறகு அத்தை சுறாப்புட்டில் ஒரு வாய் எடுத்தாள். மற்றவர்கள் வடையைப் பிட்டுக்கொண்டார்கள். நடு இலையை ஒருவரும் தொடவில்லை. நைனா அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மீனைப் பிட்டுப் பால்சோற்றோடு சேர்த்துப் பிசைந்து வாயில் போட்டார். அத்தை “அண்ணா” என்று கையை நீட்டினாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த வாயும் போட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது, துடைக்கவும் இல்லை.

நான் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். அம்மா தின்னாமல் போன அந்த ஒரு வாய் எனக்கு வேண்டும் என்று பிடிவாதம் வந்துவிட்டது. அவரிடம் கேட்க வைத்திருந்ததையும் அப்போதே கேட்டுவிடுவது என்றுதான் உட்கார்ந்தேன். உள்ளங்கையை நீட்டினேன்.

நைனா பிசைந்த சோற்றை எடுத்தார். என் கை வரை கொண்டுவந்தார். மடியில் கிடந்த குழந்தையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். கை அப்படியே நின்றுவிட்டது. அந்தச் சோற்றை இலையிலேயே போட்டுவிட்டு, சோறு ஒட்டாத பக்கமாகப் பார்த்து மீனைக் கிள்ளி, முள்ளைத் தடவி எடுத்துவிட்டு, அதை மட்டும் என் கையில் வைத்தார். பால்சோற்றை என் கைக்கு எட்டாதபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“உனுக்கு வோணாம்மா” என்றார். “நீ இருந்து வாழப் போறவ.”

மீனை வாயில் போட்டுக்கொண்டேன். அவரை எதுவும் கேட்கவில்லை.