மனைவிக்காக நான் தின்ற பரோட்டா

என் மனைவிக்குக் கோதுமை ஆகாது என்று டாக்டர் சந்தேகப்பட்டார். சந்தேகத்தை உறுதி செய்ய வாய்வழியாகக் குழாய் விட்டு, குடலிலிருந்து துளி சதை எடுத்துப் பார்க்க வேண்டுமாம். அதற்கு நாள் கிடைக்கச் சில வாரங்கள் ஆகும். அதுவரை கோதுமையை நிறுத்தவே கூடாது, தினமும் கொஞ்சமாவது சாப்பிட வேண்டும், நிறுத்தினால் குடல் ஆற ஆரம்பித்து நோய் தெரியாமல் போய்விடும் என்றார். உறுதியானால் அதன்பின் ஆயுசுக்கும் ஒரு துணுக்குகூடத் தொடக் கூடாது.

இதில் என் காதில் விழுந்தது ஒன்றுதான்: அதுவரை சாப்பிடலாம்.

நான் அரசு மேல்நிலைப்பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வீடு திரும்பும் ஆட்டோவிலேயே மனைவிக்குக் குளூட்டன் என்றால் என்னவென்று பாடம் நடத்தினேன். மாவைப் பிசைந்தால் இழுபடுகிறதே, அந்த இழுவையைத் தருகிற புரதம் என்றேன். அவள் கம்பெனி பஸ்கள் போவதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். பாடம் முடிந்ததும், "அப்ப நம்ம ராத்திரி சப்பாத்தியா?" என்றாள்.

பத்து வருடத்துக்கு முன் எனக்குச் சர்க்கரை வந்தது. இந்தப் பக்கத்தில் யாருக்குச் சர்க்கரை வந்தாலும் ஊரே கூடி ராத்திரிக்குச் சப்பாத்தி என்று தீர்ப்பு எழுதிவிடும். நான் அதை வீட்டுச் சட்டமாகவே ஆக்கினேன். ராத்திரியில் மோர் ஊற்றிச் சோறு சாப்பிட்டுப் பழகியவள் அவள். இரண்டு பேருக்கு இரண்டு சமையல் எதற்கு என்று அவளும் சப்பாத்திக்கு மாறினாள். வயிறு உப்புகிறது என்பாள். நன்றாக மென்று சாப்பிடு என்பேன். சோர்வாக இருக்கிறது என்பாள். ஓமத் தண்ணீர் போட்டுக் குடி என்பேன். ஒருமுறை நார்ச்சத்தின் பெருமையை அரைமணி நேரம் விளக்கியிருக்கிறேன். இரத்தம் ஏற மாத்திரை மாத்திரையாகப் போட்டும் ஏறவில்லை. என் மருந்தை அவள் சாப்பிட்டு நோயாளியானாள். இதை எப்படிச் சுற்றிச் சொன்னாலும் அர்த்தம் மாறவில்லை, ஆகவே நேராகவே சொல்லிவிட்டேன்.

குற்றவுணர்ச்சி வந்தால் சிலர் கோயிலுக்குப் போவார்கள். நான் ஒரகடம் ஜங்ஷனுக்குப் போனேன், அவளையும் கூட்டிக்கொண்டு. கோதுமையிலும் மைதாவிலும் செய்ததில் எதையும் அவள் ருசிக்காமல் விடைபெறக் கூடாது என்று முடிவெடுத்திருந்தேன். அதெல்லாம் வேண்டாம் என்றாள். அடக்கத்தில் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

முதலில் பரோட்டா. ஷிப்ட் முடிகிற நேரம். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, ஒரே நிறச் சட்டையில் நூறு பிள்ளைகள் கடையை மொய்த்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு இடம் விட்டு எழுந்து நின்றார்கள். இலையில் பரோட்டாவைப் பிய்த்துப்போட்டு சல்னாவை ஊற்றினார்கள். அவள் இரண்டு விள்ளல் வாயில் போட்டாள், எண்ணெய் என்றாள், இலையை என் பக்கம் தள்ளினாள். உணவை வீணாக்கக் கூடாது என்று முப்பது வருடம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அதனால் அவளுடையதையும் முடித்தேன். அம்மாவுக்கு இன்னொன்று வைக்கட்டுமா என்று பரிமாறுகிறவர் கேட்டார். அவள் தலையசைப்பதற்குள் வை என்றேன். அதையும் வீணாக்கவில்லை.

அடுத்து படப்பையில் ஒரு பேக்கரி. வெஜ் பப்ஸ், தேங்காய் பன், தில்பசந்த். பொட்டலத்தை வீட்டில் போய்ப் பிரிப்போம் என்றாள். ஷேர் ஆட்டோவில் பொட்டலம் என் மடியில் இருந்தது. வீடு வந்தபோது அதில் இருந்தது பேப்பரும் கொஞ்சம் உதிரியும்தான். இன்னொரு நாள் பூரி கிழங்கு. இன்னொரு நாள் சேமியா பாயசம், அதற்குச் சர்க்கரை தூக்கலாக இருக்க வேண்டும் என்று நானே அடுப்பருகில் நின்று மேற்பார்வை பார்த்தேன். கோதுமை அல்வா கிளறி முடிக்க அவளுக்கு ஒரு மதியம் போயிற்று, கையும் வலித்தது. தன்னுடைய பிரிவு உபசார விழாவுக்குத் தானே சமைத்தவள் என் மனைவி ஒருத்தியாகத்தான் இருப்பாள். டீயோடு பிஸ்கட்டு கணக்கில் வராது என்பதால் அதைத் தினமும் வைத்துக்கொண்டோம். வைத்துக்கொண்டேன்.

எங்கள் மகள் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிற பிரிவில் இருக்கிறாள். எங்களோடுதான் இருக்கிறாள். தப்பான பொருளை எட்டத்திலிருந்தே கண்டுபிடிப்பது அவள் தொழில். நான் அடிக்கடி எழுந்து தண்ணீர் குடிப்பதைக் கவனித்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் விரலைப் பிடித்துக் குத்தினாள். சர்க்கரை மெஷினைப் பார்த்தாள். துடைத்துவிட்டு இன்னொரு விரலைக் குத்தினாள்.

"இன்னாப்பா இது? மெஷினு கெட்டுப்போச்சா, நீ கெட்டுப்போயிட்டியா?"

எல்லாம் உன் அம்மாவுக்காகத்தான் என்றேன். கோதுமையை விடுவதற்குள் அவளுக்குப் பிடித்ததை எல்லாம் வாங்கிக்கொடுக்கிறேன், கூடச் சாப்பிட ஆள் வேண்டாமா என்றேன். மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"எனுக்குப் பரோட்டா புடிக்கும்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

கல்யாணமான புதிதில் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நாம் சாப்பிடவில்லையா, நீ ஒன்று விடாமல் சாப்பிட்டாயே என்றேன்.

"நீங்க வாங்கிக் குடுத்தீங்க. சாப்ட்டேன்."

மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள். எனக்கு அங்கிருந்து எழுந்து போக இடமில்லை. இத்தனை வருடக் குடித்தனத்தில் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன், உனக்கு என்னதான் பிடிக்கும் என்று. கோபித்துக்கொள்ளக் கூடாது என்று உறுதி வாங்கிக்கொண்டு சொன்னாள்.

"மேல் வூட்டு ரொட்டி."

எங்கள் வீட்டு மாடியில் வரிசையாக அறைகள் கட்டி, கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். பிள்ளைப்பாக்கம் பக்கத்தில் கம்பெனிகளுக்கு நிலம் கொடுத்தவர்கள் பலரும் செய்தது இதைத்தான். கடைசி அறையில் பீகார்க்காரர் ஒருவரும் அவர் மனைவியும். குடியிருப்பவர்களோடு கொடுக்கல் வாங்கல் கூடாது, இன்று கிண்ணத்தில் குழம்பு வந்தால் நாளைக்கு வாடகை வராது என்பது நான் போட்ட இன்னொரு சட்டம். அந்தச் சட்டம் பிற்பகலில், நான் தூங்குகிற நேரத்தில் மட்டும் அமலில் இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டு வருடமாக அவள் மாடி ஏறிப் போயிருக்கிறாள். நெருப்பில் நேராகப் போட்டு உப்பிய ரொட்டி ஒன்று, வெங்காயம், பச்சை மிளகாய், ஒரு சொட்டு கடுகெண்ணெய். மேலேயிருந்து வரும் கடுகெண்ணெய் வாசனை சகிக்கவில்லை என்று நான் புலம்பும்போதெல்லாம் இவளும் ஆமாம் போட்டிருக்கிறாள்.

அதுவும் கோதுமைதானே, நீ செய்கிற சப்பாத்திதானே என்றேன். வேதியியல்படி அது சரிதான்.

"அது நான் செய்றது. இது எனுக்கு செஞ்சு குடுக்கறது," என்றாள்.

அப்படியானால் போய்ச் சாப்பிட வேண்டியதுதானே, பரிசோதனைக்கு நாள் நெருங்குகிறதே என்றால், எப்படிப் போவது என்றாள். பரோட்டாக் கடைக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம்தான் தண்ணீர்த் தொட்டி காலியாகிவிட்டது என்று நான் அந்தப் பெண்ணை மாடிப்படியில் நிற்கவைத்துக் கத்தியிருந்தேன். உங்கள் ஊரில் தண்ணீரைப் பார்த்ததே இல்லையா என்று கேட்டேன். அது கேட்கக்கூடிய கேள்வி இல்லை. அவர்கள் ஊரில் மழைக்காலத்தில் ஆறே வீட்டுக்குள் வரும் என்று பிறகு தெரிந்தது. அன்றிலிருந்து அவள் முகத்தில் விழிக்க என் மனைவிக்குக் கூச்சம். அதனால்தான் என் பின்னாலேயே பரோட்டாக் கடைக்கும் பேக்கரிக்கும் வந்துகொண்டிருந்தாள்.

அவள் கடைசியாகச் சாப்பிட விரும்பிய ஒரே பண்டத்துக்கும் வழியை அடைத்தவன் நான்தான். மகள் வாசலிலிருந்தே நீயே போய்க் கேள் என்றாள்.

ரொட்டி, நோய்க்கு பீமார், மன்னிப்புக்கு மாஃப் என்று எனக்குத் தெரிந்த இந்திச் சொற்களை எல்லாம் படியேறும்போதே வரிசைப்படுத்திக்கொண்டேன். மேலே அந்தப் பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தாள்.

"சார், மோட்டாரு நான் போடல. காலைலேந்து கீழகூட வரல."

என் இந்தி அங்கேயே முடிந்தது. தண்ணீருக்காக வரவில்லை, ரொட்டிக்காக வந்திருக்கிறேன் என்றேன். அவள் இன்னும் பயந்துபோனாள். அம்மா கேட்டதால்தான் கொடுத்தேன், நானாகக் கூப்பிடவில்லை, யார் உங்களிடம் போட்டுக்கொடுத்தது என்றாள். உள்ளே ராத்திரி ஷிப்ட் முடித்துவந்த அவள் வீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருந்ததால் இருவரும் குசுகுசுவென்றே பேச வேண்டியிருந்தது. நடந்ததைச் சொன்னேன். அம்மாவுக்குக் கோதுமை ஆகவில்லை, குடல் புண்ணாகியிருக்கலாம் என்றதும் அவள் கை வாய்க்குப் போயிற்று.

"நான் குடுத்து குடுத்துதான் அப்டி ஆச்சா சார்?"

ஆமாம் என்று சொல்லிவிட்டு இறங்கியிருந்தால் பாரம் பாதியாகியிருக்கும். ஒரு கணம் அந்த ஆசையும் வந்தது என்பதை மறைக்கவில்லை. இல்லையம்மா, நீ கொடுத்தது பகலில் ஒன்று, நான் பத்து வருடமாக ராத்திரி ராத்திரி கொடுத்திருக்கிறேன் என்றேன். அன்றைக்கு அப்படிப் பேசியது தப்பு என்றும் சொன்னேன். மன்னிப்பு என்ற சொல்லை இந்தியில் யோசித்ததால் தமிழில் வர நேரமானது.

"பேசினீங்க சார்," என்றாள். "நானும் ரெண்டு நாளு உங்கள பேசிக்கினேதான் இருந்தேன். எங்க பாஷைல." பிறகு, "அம்மாவ வரச் சொல்லுங்க. மாவு பெசஞ்சிதான் கீது."

அன்றிலிருந்து பரிசோதனை நாள் வரை என் மனைவி பகிரங்கமாக மாடி ஏறினாள். தினமும் ஒரு ரொட்டி. டாக்டர் சொன்ன அளவும் அவ்வளவுதான். நான் அழைக்கப்படவில்லை. கடைசி நாள் மட்டும் ஒரு ஓரமாக உட்கார அனுமதி கிடைத்தது, கையில் எதுவும் கொடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. உப்பிய ரொட்டியைத் தட்டில் போட்டதும் என் மனைவி அதை விரலால் குத்தி, ஆவி அடிக்க, ஊஊ என்று கையை உதறிவிட்டுப் பிய்த்தாள். வாயில் வைத்துக்கொண்டே பேசினாள், வாய் எரிந்து சிரித்தாள். அவள் எதையும் சூடாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. எங்களுக்கெல்லாம் போட்டுவிட்டு அவள் உட்காரும்போது எல்லாமே ஆறியிருக்கும். இதைக் கவனிக்க எனக்கு இன்னொருத்தர் வீட்டு அடுப்பு தேவைப்பட்டிருக்கிறது.

பரிசோதனையில் டாக்டரின் சந்தேகம் உறுதியானது. மகள் சமையலறையைச் சோதனை போட்டாள். ஆட்டா, ரவை, சேமியா, பிஸ்கட் எல்லாம் வெளியே போயின. நாம் சோறு தின்கிறவர்கள், சாம்பார் ரசத்தில் என்ன இருந்துவிடப்போகிறது என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, கூட்டுப் பெருங்காய டப்பாவைத் திருப்பி என் கையில் கொடுத்தாள். பொடி எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். பெருங்காயத்தைவிட மைதா அதிகம் இருந்தது. கல்லில், கட்டையில், பலகையில் ஒட்டியிருக்கும் மாவும் ஆகாதாம். என் சப்பாத்தி இனி இந்தச் சமையலறையில் நடக்காது.

நானும் சோறே சாப்பிடுகிறேன் என்றேன். அது தியாகம் போலத் தெரியட்டும் என்று கொஞ்சம் தழுதழுத்தும் சொன்னேன். உங்கள் சர்க்கரையை யார் பார்த்துக்கொள்வது என்று அவள் அதட்டிவிட்டாள். ராத்திரியில் அளந்து சோறு சாப்பிடுகிற ஆள் நான் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். என்னைக் கேட்காமலே மாடியில் பேசி முடித்துவிட்டாள். கல்லும் கட்டையும் மாவும் மேலே போயின. எனக்கு ராத்திரி இரண்டு ரொட்டி அங்கே. பதிலுக்கு இங்கிருந்து குழம்போ பொரியலோ போகும்.

அதனால் இப்போது தினமும் விளக்கு வைத்ததும் வீட்டுக்காரனான நான் தட்டை எடுத்துக்கொண்டு என் வீட்டு மாடிக்கே ஏறுகிறேன். கவிழ்த்த பிளாஸ்டிக் வாளியில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். மற்ற அறைப் பையன்களும் ஓவர்டைம் கிடைக்காத நாளில் வந்து சூழ்ந்துகொள்வார்கள். அந்தப் பெண் எண்ணிக்கொண்டுதான் போடுவாள், மூன்றாவது கேட்டால் அம்மா திட்டுவாங்க என்பாள். கடுகெண்ணெய் வாசனை பழகிவிட்டது. பிடித்துவிட்டது என்று சொல்ல இன்னும் மானம் இடம் கொடுக்கவில்லை. என் மனைவி பிற்பகலில் வழக்கம்போல் மேலே போகிறாள், பொரியைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு. அவள் போகிற நேரத்தில் அந்தப் பெண் மாவு பிசைவதில்லை. என் மனைவிக்கு இரத்தம் ஏறி நகத்தடியில் நிறம் வந்திருக்கிறது.

நான் இறங்கி வரும்போது வாசலில் சொம்புத் தண்ணீரோடு நிற்பாள். கை கழுவ வேண்டும், வாய் கொப்பளிக்க வேண்டும். தட்டு வெளியிலேயே தங்கும். பிறகு ரொட்டித் துணுக்கு எங்காவது ஒட்டியிருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் என் முகத்தைத் திருப்பிப் பார்ப்பாள்.

"மீசை," என்பாள்.

அவளுடைய பத்து வருட வயிற்றுவலிக்கு இது ஈடாகாது என்று எனக்குத் தெரியும். மறுபடியும் குழாயடிக்குப் போய்க் கழுவிவிட்டு வருவேன். திரும்பவும் முகத்தைக் காட்டுவேன். அவள் நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறாள்.