பி.பி. மேடம்

இன்று எழுந்ததும் பக்கத்து வீட்டு ஜன்னலைத்தான் பார்த்தேன். எனக்கு வேலை கிடைத்தால் அழைப்பு அவர்கள் போனுக்குத்தான் வரும். வீட்டில் போன் இல்லாத எல்லோரையும்போல, விண்ணப்பத்தில் அவர்கள் எண்ணை எழுதி, அது அடுத்த வீட்டு போன் என்பதற்கு அடையாளமாகப் பக்கத்தில் 'பி.பி.' என்று போட்டிருந்தேன்.

மதியம்வரை ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. போய்க் கேட்டேவிட்டேன்.

"கம்பெனியிலேந்தா? இல்லியே விமலா," என்றார் சரோஜா அக்கா. "எவனோ ஒருத்தன் 'பி.பி. மேடம் இருக்காங்களா'ன்னான். எனக்கு பி.பி.யும் இல்ல, சுகரும் இல்ல, வையிய்யா போனைன்னு வச்சிட்டேன்."

சிரித்தேன். அது எனக்கு வந்த அழைப்பேதான் என்று வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன்.

"திரும்பப் பண்ணுவாங்க, சும்மா இரு," என்கிறார் கணவர்.

இதைப் படிக்கும் உங்களில் எத்தனை பேருக்கு பி.பி. இருக்கிறது?

நான் நாளை காலை பட்டாபிராமில் ரயிலேறி, பாரிமுனையில் அந்த அலுவலக வாசலிலேயே போய் நிற்கப்போகிறேன். வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது.