மூன்று நெறிக்கட்டிகள்

ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் சோதனை அறையில், விளிம்பு உதிர்ந்த எனாமல் தட்டு ஒன்று இருந்தது. அறுத்தெடுத்த குடல் அதில்தான் என்னிடம் வரும். நூல் மில்கள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்த காலம். புற்று வந்த துண்டை வெட்டியெடுத்தால் வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அறுவை செய்யும் டாக்டரம்மா அப்படி விடமாட்டார். குடலை ஒட்டிய கொழுப்புக்குள் நெறிக்கட்டிகள் ஒளிந்திருக்கும், புற்று பரவினால் முதலில் அங்கேதான் போய் உட்காரும், ஒன்று விடாமல் எடுத்து, மைக்ரோஸ்கோப்பில் பார்க்க மதராஸுக்கு அனுப்ப வேண்டும் என்பார். "கண்ணை நம்பாதீங்க. கொழுப்பை விரலுக்கு நடுவுல வச்சுத் தேய்ங்க. கடுகளவு இருந்தாலும் தட்டுப்படும்." அதை அவர் சொல்லாத வாரமில்லை.

மில்லில் பஞ்சுப்பொதி பிரிக்கிற பெரியவர் ஒருவருக்கு அறுவை நடந்தது ஆடிப்பூரத்துக்கு முந்தைய நாள். கிறிஸ்தவர். மனைவி தவறிவிட்டார், ஒரே மகன் ரங்கூனில். அறுவைக்கு முன்பே டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டார்: "பரவியிருந்தா மறைக்காமச் சொல்லிருங்கம்மா. பயலை வரச்சொல்லி எழுதணும். அவன் மொகத்தப் பாத்துட்டாப் போதும்." நான் பக்கத்தில்தான் நின்றேன்.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர். வடம் பிடிக்கப் போகும் எங்கள் வீட்டு ஆண்கள் ஒரு வாரம் கவுச்சி சேர்க்க மாட்டோம். தின்னக்கூடாது என்பதுதான் வழக்கம். தொடவும் கூடாது என்று நானாக அதை நீட்டிக்கொண்டேன். கொழுப்புக்குள் விரலை விடாமல் இடுக்கியால் அங்கங்கே விலக்கிப் பார்த்தேன். கண்ணில் பட்டவை மூன்று. அவற்றைச் சீசாவில் போட்டு அனுப்பிவிட்டு, மீதியைக் கெடாமலிருக்க ஃபார்மலின் ஜாடியில் இறக்கி மூடினேன்.

"மூணுதானா?" என்றார் டாக்டரம்மா.

"நல்லாத் தேய்ச்சுப் பாத்துட்டேம்மா" என்றேன். மறுநாள் போய் வடம் பிடித்தேன்.

மூன்றிலும் புற்று இல்லை என்று மதராஸிலிருந்து பதில் வந்தது. பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வர வேணாம்னு பயலுக்கு எழுதிட்டேன் தம்பி. எம்புட்டு அலைஞ்சு கெடச்ச வேலை. நெலைக்கட்டும், பொறவு வரலாம்."  அப்போதும் அந்த ஜாடியை நான் திறக்கவில்லை.

கார்த்திகையில் கண் மஞ்சளித்து, வயிறு வீங்கி மறுபடி வந்து படுத்தார். அன்று மதியமே ஜாடியைத் திறந்து வெறும் விரலால் தேய்த்தேன். பயறளவிலும் கடுகளவிலும் ஒன்பது தட்டுப்பட்டன. ஒன்றை அறுத்தால் உள்ளே வெள்ளையாகக் கெட்டித்திருந்தது, புற்றேதான். டாக்டரம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. "மொதல்ல மகனுக்குத் தந்தி குடுங்க" என்றார். போதுமான எண்ணிக்கை கிடைக்காவிட்டால் திரும்பத் தேட வேண்டும் என்று இப்போது விதியே இருக்கிறதாம். நர்ஸாக இருக்கும் என் பேத்தி சொன்னாள். அன்று விதி இல்லைதான்; டாக்டரம்மா வாராவாரம் சொன்னது எனக்குத் தெரியாமல் இல்லை.

மகன் கப்பலேறி வந்து சேர்ந்தபோது பெரியவரை அடக்கம் செய்து நான்கு நாளாகியிருந்தது. கல்லறைத் தோட்டத்திலிருந்து நேரே சோதனை அறை வாசலுக்கு வந்தார். கையில் அப்பாவின் கடிதம். அதில் ஓரிடத்தை விரல் வைத்துப் படித்துக் காட்டினார்: "சோதனை பார்க்கிற தம்பி கெட்டிக்காரர். ஒன்று விடாமல் பார்த்துவிட்டார். நீ அலைய வேண்டாம்."

"அந்தத் தம்பி யாருங்க?" என்றார். "அய்யாவ நல்லாப் பாத்துக்கிட்டாக போல. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"அவிய இன்னைக்கு லீவு" என்றேன். "நான் சொல்லிருதேன்."