சாமி மேடையிலிருந்து இறங்கிய விண்டோஸ் 7

மனைவியின் எம்பிராய்டரி மெஷினுக்கு விண்டோஸ் 7 இருந்தால்தான் வேலை ஓடும். கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. தீபாவளி ரவிக்கைகளோ குவிந்து கிடக்கின்றன.

இன்று பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெருவில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் ஒரிஜினல் லைசென்ஸ் கேட்டேன்.

"ஒரிஜினலா? சும்மாவே போட்டுத் தரேன் லா, பாஸ்!" என்று சிரித்தார் கடைக்காரர்.

"வேணாண்ணே. போன தடவை அப்படிப் போட்டுத்தான் வைரஸ் வந்து எல்லா டிசைனும் போச்சு."

யோசித்தவர், சாமி மேடையில் லட்சுமி படத்துக்குப் பக்கத்திலிருந்து பிரிக்காத பெட்டி ஒன்றை எடுத்தார். அதன்மேல் சந்தனம், குங்குமம்.

"கடையிலே இது ஒண்ணுதான் ஒரிஜினல். அதான் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பொட்டு வெப்பேன்."

உள்ளே இருந்ததை என்னிடம் கொடுத்துவிட்டு, காலிப் பெட்டியை மறுபடியும் லட்சுமியிடமே வைத்துவிட்டார்.

வீட்டில் மெஷின் மயில் தைத்துக்கொண்டிருக்கிறது. பூஜை போட்ட விண்டோஸ், எந்த வைரஸ் கிட்டே வரும்?

உங்களுடையது எப்படி? ஒரிஜினலா, 'சும்மா போட்டதா'?