ஒன்பதாவது சைக்கிள்

என் கணவர் குப்புறப் படுத்தே நாட்களைக் கழித்த சமயத்தில்தான் எனக்கு மறுபடியும் படிக்க வந்தது. அதுவரை படிக்காமல் இருந்தேன் என்று சொல்ல முடியாது. படிப்பதுதான் என் பிழைப்பே. கிடர்பூர் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில், கப்பலில் வரும் சரக்குகளின் காகிதங்களைச் சரிபார்க்கிறேன். இன்வாய்ஸில் நாற்பது பெட்டி, பேக்கிங் லிஸ்டில் முப்பத்தொன்பது பெட்டி என்றிருந்தால் கண்டுபிடித்துக் கத்த வேண்டியது நான். வருஷக்கணக்காக இதையே செய்தால் கண் ஒரு தினுசாகப் பழகிவிடுகிறது. எந்தப் பக்கத்தைப் பார்த்தாலும் எண்கள் மட்டும் எழுந்து நிற்கும், மற்றதெல்லாம் படுத்துக்கொள்ளும்.

கல்யாணமான புதிதில் நானும் கதைப் புத்தகமும் கையுமாக இருந்தவள்தான். அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் படித்துக்கொண்டே பொங்கவிட்டிருக்கிறேன். எப்போது விட்டேன் என்று தெரியவில்லை. யாரும் என் கையிலிருந்து பிடுங்கவில்லை. பஸ்ஸில் நின்று வந்து, ஆட்டோவில் இடிபட்டு, லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலையும் தயிரும் வாங்கிக்கொண்டு மாடி ஏறினால், பிறகு ஒரு நாவலைத் திறக்கிற தெம்பு யாருக்கு இருக்கும்? அப்படியே திறந்தாலும் அதில் தப்புத்தான் தேடினேன். தப்பு கிடைத்ததும் மூடி வைத்துவிடுவேன்.

என் கணவர் படிப்பதை விடவில்லை. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊருக்குப் போகும்போதெல்லாம் ஒரு பை நிறையப் புத்தகம் வாங்கி, திரும்பும் ரயிலில் அதையே தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டு வருவார். சாப்பாடு தாமதமானால் ஒன்றும் சொல்ல மாட்டார், படிக்கும்போது விளக்கை மறைத்தால் மட்டும் கோபம் வரும்.

சர்க்கரை அவருடைய இடது கண்ணை எப்போதோ பாதி தின்றுவிட்டது. போன மழைக்காலத்தில் வலது கண்ணின் விழித்திரையும் பிரிந்துவிட்டது. ஆபரேஷன் செய்து உள்ளே ஒரு காற்றுக் குமிழியை வைத்தார்கள். அந்தக் குமிழி திரையை அழுத்திப் பிடிக்க வேண்டுமென்றால், டாக்டர் போதும் என்று சொல்லும்வரை ஆள் இரவும் பகலும் முகத்தைக் கவிழ்த்தே வைத்திருக்க வேண்டும். மறுபடி படிக்க முடியுமா என்று நான் தனியாகக் கேட்டபோது டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். இதை அவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்காததிலிருந்தே அவருக்கும் அதுதான் கவலை என்று தெரிந்தது.

கீழ்வீட்டு வங்காளி அண்ணி, பௌதி என்றுதான் கூப்பிடுவேன், தன் பேரனின் நீச்சல் வளையத்தை ஊதிக் கொடுத்தாள். மஞ்சள் வாத்துகள் போட்டது. அதற்குள் முகத்தைப் பதித்து, கட்டிலின் கால்மாட்டில் தலையைத் தொங்கவிட்டுப் படுத்தார். அறுபது தாண்டிய மனுஷன், சுற்றிலும் வாத்து. எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார், சத்தம் தரையிலிருந்து வந்தது.

பெங்களூரிலிருந்து மகள் போனில் ஏதோ கதை வாசிப்பதைப் போட்டுவிடச் சொன்னாள். கால் மணி நேரம் கேட்டார்.

“நிறுத்து அத. நியூஸ் படிக்கிற மாதிரி படிக்குது அந்தப் பொண்ணு. நீ படியேன்.”

“நானா? நான் இப்பத்தான் ஆபீஸ்லேருந்து வந்துருக்கேன்.”

“ஒரு பக்கம் போதும்.”

தலையணைக்கடியில் வைத்திருந்த நாவலை எடுத்தேன். ஒரு சின்ன ஊரில் வாடகை சைக்கிள் கடை நடத்தும் விதவை. அவளிடம் வேலை கேட்டு வருகிறான் ஒரு வெளியூர்க்காரன். எழுதியவருக்கு அவசரமே இல்லை. வெயில் அடித்தால் அரைப் பக்கம், மழை பெய்தால் முழுப் பக்கம். எனக்குக் கால் வலித்தது, உலையில் அரிசி போட வேண்டும். மழையையும் வெயிலையும் தாண்டி ஆட்கள் பேசும் இடங்களை மட்டும் படித்தேன்.

“என்னமோ விட்டுட்ட நீ,” என்றார் தரையைப் பார்த்தபடி.

“ஒண்ணும் விடலங்க.”

“பக்கம் பொரட்டுற சத்தம் சீக்கிரமா வருது.”

இப்படியே சில நாட்கள் போயின. ஒரு மாலை எனக்கு ஒரு தப்பு கிடைத்தது. முன்னால் அவள் கடையில் எட்டு சைக்கிள் என்று இருந்தது, இப்போது பூட்டும்போது ஒன்பதை உள்ளே எடுத்து வைக்கிறாள்.

“இந்த எழுத்தாளருக்குக் கணக்கு வராது போலருக்கு. ஒரு சைக்கிள் கூட இருக்கு பாருங்க,” என்றேன். எனக்கு ஒரே திருப்தி.

“ஒண்ணு வாங்கிருப்பா.”

“வாங்குனதா எங்கயும் இல்ல.”

“சரி, மேல படி.”

அதற்குப் பின் இரண்டு அத்தியாயம் தாண்டி, அந்த விதவை வெளியூர்க்காரனிடம் நேராகவே கேட்கிறாள், இது யாருடைய வண்டி என்று. கொல்லையில் துருப்பிடித்துக் கிடந்த உன் புருஷனுடைய வண்டிதான், மழை நாட்களில் உட்கார்ந்து சரிசெய்தேன் என்கிறான். அவள் அதன் மணியை ஒரு தடவை அடித்துப் பார்க்கிறாள்.

நான் நிறுத்திவிட்டேன். தப்பு எழுத்தாளருடையது இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவர் அசந்திருந்தார். பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு, நான் தாண்டிப்போன மழையைத் தேடி எடுத்தேன். தகரக் கூரையில் மழை விழுகிறது. அந்தச் சத்தத்துக்குள்ளே இன்னொரு சத்தம், இரும்பில் உப்புத்தாள் தேய்க்கிற மாதிரி. அவள் பாயில் படுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். எழுந்து போய்ப் பார்க்கவில்லை, பார்த்தால் அது நின்றுவிடுமோ என்று பயம். சமையலறை மேடைமேல் சாய்ந்து நின்று அதை ஒரு தடவை படித்தேன், முடித்துவிட்டு மறுபடி படித்தேன். பருப்பு அடிப்பிடித்துவிட்டது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அடிப்பிடித்த பருப்பு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

அவர் எழுந்ததும் அந்தப் பக்கத்தை ஒரு வார்த்தை விடாமல் வாசித்தேன்.

“இது எங்க இருந்துச்சு?”

“முன்னாடியே. நாந்தான் விட்டுட்டேன்.”

“அதானே பாத்தேன்,” என்றார்.

களைப்பு அதற்காக எங்கும் போய்விடவில்லை. கிடர்பூர்ப் பாலத்தில் லாரிகள் அடைத்துக்கொண்டுதான் நின்றன, கால் வீங்கத்தான் செய்தது. ஆனால் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்த விதவை இன்றைக்கு என்ன செய்யப்போகிறாள் என்று யோசித்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூட நேராக விடாமல் புத்தகத்தைத் தேடினேன்.

டாக்டர் நிமிர்ந்து உட்காரலாம் என்று சொன்னபோது நாவலில் பாதிதான் முடிந்திருந்தது. குமிழி கரைந்து, புதுக் கண்ணாடியும் வந்தது. அவர் அதை மாட்டிக்கொண்டு கையை நீட்டினார்.

“குடு. இனிமே நானே படிச்சுக்குறேன். நீ பாவம், அலைஞ்சு திரிஞ்சு வர்ற.”

கொடுத்தேன். அவருக்காகச் சந்தோஷப்பட்டேன், உள்ளுக்குள் எரிச்சலாகவும் இருந்தது. முடித்துவிட்டுத் தரட்டும் என்று காத்திருந்தேன். தினமும் நான் வரும்போது பால்கனியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார். எதுவரை வந்திருக்கிறது என்று கேட்டால், “நல்லாத்தான் போகுது,” என்பார்.

அடையாளத்துக்கு நான் வைத்திருந்தது காபித்தூள் வாங்கிய ரசீது. ஒரு நாள் அவர் குளிக்கப் போனபோது திறந்து பார்த்தேன். நான் விட்ட அதே பக்கத்தில் இருந்தது. அடுத்த இரண்டு பக்கங்களை அவசரமாகப் படித்தேன். விதவை கடையைப் பூட்டிவிட்டு அந்த ஒன்பதாவது சைக்கிளில் கிளம்பிப் போகிறாள்.

சாப்பிடும்போது கேட்டேன். “அவ இன்னும் கடையிலதான் இருக்காளா?”

“ஆமா, எங்க போவா,” என்றார். தட்டைத் துழாவி ஊறுகாயைத் தொட்டுக்கொண்டார்.

என் கண் பழகிய வேலையைச் செய்துவிட்டது. அங்கே ஒன்று, இங்கே ஒன்று, பொருந்தவில்லை. ஆபீசாக இருந்தால் கத்தியிருப்பேன். கழுவுகிற சாக்கில் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய், குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன்.

கையைத் துடைத்துக்கொண்டு வந்து புத்தகத்தை எடுத்தேன்.

“என்னால காத்திருக்க முடியாதுங்க. நீங்க எப்ப முடிச்சு நான் எப்பப் படிக்கிறது? எனக்கு வாய்விட்டுப் படிச்சாத்தான் ஏறுது. நீங்க வேணும்னா கேளுங்க, வேணாம்னா டிவியப் போட்டுக்குங்க.”

பாதி பொய். பாதி நிஜம் என்பதால் என் குரலில் உதறல் இல்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிறகு, இனி அவசியமே இல்லாத அந்தப் பழைய வழக்கப்படி, இரண்டு கைகளையும் மடித்து அதன்மேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. ரசீதை எடுத்துவிட்டு, நாங்கள் இருவரும் நின்றுபோன இடத்திலிருந்து ஆரம்பித்தேன்.

முதல் வரி முடிவதற்குள் மடித்த கைகளுக்குள்ளிருந்து குரல் வந்தது.

“மழை பெஞ்சா விட்டுடாத.”