பள்ளிக்கூட அடுப்பில் அம்மாவின் வடை

எனக்கு அப்போது ஒன்பது வயது. மொன்றியலில் லாசாலிலிருந்து கோட் செயின்ட் லூக்குக்குக் குடிமாறி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. கட்டடத்தில் பெரும்பாலும் யூதக் குடும்பங்கள். தமிழர் நாங்கள் மட்டும். அம்மா அங்கே யாருடனும் பேசியதில்லை. நானும் அம்மாவைப் போலத்தான். கீழ்வீட்டுச் சிறுமி ஒருத்தி மட்டும் எனக்குச் சிநேகிதி.

பங்குனியில் பூரிம் என்ற அவர்களுடைய பெருநாள் வந்தது. அன்று பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு தெரிந்தவர்களின் வீடுகளுக்குச் சாப்பாட்டுக் கூடை கொண்டுபோவார்கள். என் சிநேகிதியும் தலையில் காகித முடியோடு படியேறி வந்து, முக்கோண பிஸ்கட்டும் தோடம்பழமும் நிறைந்த கூடையை நீட்டினாள்.

அம்மாவுக்குப் பரபரப்புப் பிடித்துக்கொண்டது. கூடையை வெறுமையாகவா திருப்பிக் கொடுப்பது? உடனே பருப்பை ஊறப்போட்டு, பின்னேரத்துக்குள் கூடை நிறைய வடை சுட்டுவிட்டார்.

"முதல் வடையை ஆர் சாப்பிடினம், என்ன சொல்லினம் எண்டு நிண்டு பார்த்துக்கொண்டு வா" என்று என்னை அனுப்பினார்.

படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினேன். சிநேகிதியின் தாய் யூதப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆசிரியை. வடையை மணந்து பார்த்துவிட்டு, எதில் பொரித்தது என்று கேட்டார். நேற்று ஆட்டிறைச்சி பிரட்டிய தாச்சியில்தான், ஆனால் அம்மா அதை நன்றாக உரஞ்சிக் கழுவினவர் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் கூடையை அலுமாரிக்கு மேல் வைத்தார். என் கன்னத்தைத் தடவி, நன்றி சொல்லி அனுப்பினார். ஒருவரும் ஒரு வடைகூட எடுக்கவில்லை.

அம்மா வாசலிலேயே நின்றார்.

"சாப்பிட்டவையோ?"

"ஓம் அம்மா. நல்லாயிருக்காம்."

வேலையால் வந்த அப்பாவிடம் அம்மா அதை மூன்று தரம் சொன்னார். பொய் பிடிபட்டால் அம்மா இந்தக் கட்டடத்தில் இனி ஒருவரையும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்.

மூன்றாம் நாள் ஆசிரியையே எங்கள் கதவைத் தட்டினார். அம்மாவுக்கு நான்தான் மொழிபெயர்ப்பு. ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் விழாவாம். அங்கே வந்து வடை சுட்டுத் தருவாரா? பருப்பு, எண்ணெய், சட்டி எல்லாம் அங்கேயே இருக்கும். வீட்டிலிருந்து ஒரு கரண்டிகூட வேண்டாம். யூத சமூகத்தின் வியாழக்கிழமைப் பத்திரிகைக்காரரும் படம் எடுக்க வருவாராம். என் கால் நிலத்தில் நிற்கவில்லை. நான் சொன்ன பொய் தானாகவே மெய்யாகிவிட்டது.

கரண்டி என்றபோது அம்மா ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "வாறன் எண்டு சொல்லு" என்றார்.

பள்ளிக்கூடக் குசினியில் தாடிக்காரர் ஒருவர் காத்திருந்தார். அம்மா அடுப்பைத் தொடுமுன் அவரே முன்வந்து, தன் கையால் அதை மூட்டிவிட்டு விலகி நின்றார். எங்கள் விழாக்களில் பெரிய மனிதர்களை அழைத்துக் குத்துவிளக்கு ஏற்றுவிப்பது போல இருந்தது. அம்மாவுக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்குப் புல்லரித்தது.

வடைக்கு வரிசை குசினி வாசலைத் தாண்டி நின்றது. என் சிநேகிதி உறைப்பில் கண்ணீர் வழிய நாலு வடை தின்றாள். அவளுடைய தாய் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பத்திரிகைக்காரர் அம்மாவை ஒரு வடையைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னபோது, அம்மா பல் தெரியச் சிரித்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா மெதுவாகச் சொன்னார்: "அவையளுக்குச் சட்டி, அடுப்பு எல்லாம் வேறை, பிள்ளை. நாங்கள் கந்தசஷ்டிக்கு மச்சம் படாத சட்டி வைக்கிறம்தானே, அதுமாதிரி. பிறத்தி வீட்டு இறைச்சிச் சட்டியில சுட்டதை எப்பிடிச் சாப்பிடுறது? அந்தத் தாடிக்காரர் அடுப்பை மூட்டினதும் அதுக்குத்தான், அவையளில ஒருத்தர் மூட்டினாத்தான் சாப்பிடுவினம்."

"படம் வியாழக்கிழமையே வருமோ அம்மா?" என்றேன்.

"வரும்" என்று அம்மா என் தலையைக் கோதினார்.

பத்திரிகை வர இன்னும் எத்தனை நாள் என்று நான் விரல் மடித்துக்கொண்டிருந்தேன். என் பொய்யைத் தெரிந்துகொண்டேதான் அம்மா அந்தக் குசினிக்கு வந்தார் என்பது எனக்கு அப்போது விளங்கவேயில்லை.